எட்டுக் கேள்விகளில் விடுபட்டவை

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு நீங்கள் சென்றிருந்தால், அத்திகிரியின் 24 படிகள் நினைவிருக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு அது மலையேற்றம். இந்நோயின் தொல்லையை அளக்க 2009இல் வந்த சி.ஏ.டி. என்னும் வினாத்தாளும் இதைத்தான் கேட்கிறது: மேட்டிலோ மாடிப்படியிலோ ஏறினால் மூச்சிரைக்கிறதா? இருமல், சளி, நெஞ்சிறுக்கம், வீட்டு வேலை, வெளியே போகும் துணிவு, தூக்கம், தெம்பு ஆகியவற்றையும் சேர்த்து 8 கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். சிக்கனமான கருவிதான். ஆனால் மனச்சோர்வைப் பற்றியோ தாம்பத்தியத்தைப் பற்றியோ நேரடியாக ஒரு சொல் கூட அதில் இல்லை.

இதற்கு முன்பு, 1990களின் தொடக்கத்தில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பெயரில் பால் ஜோன்ஸ் குழுவினர் தந்த வினாத்தாளில் 50 கேள்விகள். மூச்சு கிடைக்காதபோது அச்சம் வருகிறதா என்று அது கேட்கிறது. உடலுறவையும் கேட்கிறது. எங்கே தெரியுமா? நாயோடு உலாவுதல், மாதா கோயிலுக்கோ மதுக்கடைக்கோ போதல் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு வரியாக! போகட்டும், கேட்கவாவது செய்தார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் மூச்சிரைப்பால் குழித்தறியை விட்டு எழுந்த நெசவாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். தூக்கமில்லை, தெம்பில்லை என்கிறார். மதிப்பெண் ஏறுகிறது, பழி முழுவதும் நுரையீரலுக்கே போகிறது. மனச்சோர்வின் அறிகுறிகளும் அவைதாமே? சோர்ந்தவர் நடக்கமாட்டார், மருந்தைச் சரிவர உறிஞ்சமாட்டார், தசை தளர்ந்து மூச்சிரைப்பு இன்னும் கூடும். இச்சையும் குன்றும். நடுவில் மூச்சு முட்டிவிடுமோ என்று அவர் விலகிப் படுக்கிறார். தன்னை வெறுத்துவிட்டாரோ என்று மனைவி நினைக்கிறார். மகன் அருகில் நின்று கேள்வியை உரக்கப் படித்தால், இதற்கு அவர் என்ன விடை சொல்வார்? விறகடுப்புப் புகையால் நோயுற்று, மருமகளின் துணையோடு வரும் பெண்ணின் நிலை இன்னும் கடினம்.

இத்தனைக்கும் மருத்துவத்திடம் விடை இருக்கிறது. உடலுறவுக்கு வேண்டிய உழைப்பு, பொதுவாக இரண்டு மாடி ஏறும் அளவுதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முன்னதாக உறிஞ்சலாம். வயிறு நிறைய உண்டவுடன் தவிர்க்கலாம். நெஞ்சை அழுத்தாத நிலையைக் கொள்ளலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளே இச்சையைக் குறைப்பதுண்டு; அப்போது மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சொல்வதற்கு முதலில் யாராவது கேட்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்தீர்களா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா என்று இரண்டு கேள்விகள். இல்லறம் எப்படி இருக்கிறது என்று ஒன்று. துணைக்கு வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால், எட்டு பதினொன்றாகும், அவ்வளவுதான்.