நாட்குறிப்பும் திட்ட ஆவணமும்: 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' உருவான வரலாறு

கணினி விளையாட்டொன்றின் தொடக்க நிலையில் எழுதப்படும் திட்ட ஆவணத்தை மாணவர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் வரைபடமாகவே கருதுகின்றனர். அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் நூல், ஜோர்டான் மெக்னரின் நாட்குறிப்பாகும்.

1985 முதல் 1993 வரையிலான குறிப்புகளைக் கொண்ட இந்நூல், 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' உருவான விதத்தைப் பதிவு செய்கிறது. மெக்னர் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் ஒளிப்பதிவு செய்து, அவ்வசைவுகளைப் படம் படமாகக் கணினிக்குள் கொணர்ந்தார். சண்டையின்றிப் பொறிகளையும் தாவல்களையும் கொண்டே விளையாட்டை அமைப்பது அவரது தொடக்க எண்ணம். ஆனால், எதிரியற்ற விளையாட்டில் விறுவிறுப்புக் குன்றியது. புதிய உருவத்தைச் சேர்க்கவோ நினைவகத்தில் இடமில்லை. ஆதலின் நாயகனின் படங்களையே சற்று நகர்த்தி மேற்பொருத்தி, நிழல் மனிதனைப் படைத்தார். காவலரும் வாட்போரும் பின்னரே சேர்ந்தன.

நிழல் மனிதன் நாயகன் கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது தோன்றுகிறான். இறுதியில் அவனை வெட்டினால் நாயகனே காயமுறுவான். வாளை உறையிலிட்டால் இருவரும் ஒன்றாவர். விளையாட்டின் ஆழ்ந்த பொருள் இவ்விடத்தே உள்ளது எனலாம். அப்பொருள் முன்திட்டத்தில் இல்லை; நினைவகப் பற்றாக்குறையில் பிறந்தது. முடிந்த விளையாட்டை மட்டும் நோக்குவோர் அதனை ஆசிரியரின் மூலக் கருத்தென்றே கொள்வர்.

எனினும் இந்நூலுக்கு வரம்புகள் உண்டு. உடன்பணியாற்றியோரின் மறுப்புகளையும் ஆலோசனைகளையும் மெக்னரின் எழுத்து வழியாகவே அறிகிறோம். மேலும், அடுத்து வரும் நிரலாளருக்கு வழிகாட்டும் நோக்கில் இஃது எழுதப்படவில்லை. 2012இல் பழைய வட்டுகள் கண்டெடுக்கப்பட்டு மீட்கப்பட்ட மூலநிரல், விளையாட்டு எவ்வாறு இயங்கியது என்பதைக் காட்டுகிறது. ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை நாட்குறிப்பே கூறுகிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைப் பேணுவது போல, திட்ட ஆவணமும் கைவிடப்பட்ட முடிவுகளை நாளோடும் காரணத்தோடும் பேண வேண்டும் என்பது நம் கருத்து. பழைய பக்கத்தை அழித்துப் புதியதை எழுதும் ஆவணம் எவ்வளவு செம்மையாக இருப்பினும், படைப்பு பிறந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது. மாணவர்களின் திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியர்கள், அவை எவ்வளவு முழுமையாக உள்ளன என்பதோடு, ஏன் மாறின என்பதையும் வினவுதல் நலம்.