பால்மரம், செம்பனை, அரிசி: வட சிலாங்கூரின் கலைப்பொருள்கள்

வட சிலாங்கூரில் ரப்பரும் செம்பனையும் நெல்லும் விற்பனைக்குப் பயிரானவை. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள், குலை வெட்டினார்கள். கடலோரமாகத் தஞ்சோங் காராங்கிலிருந்து சிகிஞ்சான் வரை நெல்வயல்கள். பால் ஸ்டோருக்கும் எண்ணெய் ஆலைக்கும் போனது போக மிஞ்சியவை சருகு, ஈர்க்கு, கொட்டை, பால் வற்றிய மரம். இந்த மிச்சங்களும், உலையில் வேகவேண்டிய அரிசியும், கடைச் சரக்கைப் பொதிந்து வந்த நுரைப்பலகையும் மலேசியாவில் கலைக்கும் வடிவமைப்புக்கும் மூலப்பொருள்களாகிவிட்டன.

விநோதமான பொருளில் செய்ததாலேயே ஒரு படைப்பு உயர்ந்துவிடாது. பத்தாயிரம் பொத்தான்களில் ஒரு முகம் என்றால் முதல் பார்வையில் வியப்பு வரும். இரண்டாம் பார்வையில் பொத்தான் மட்டுமே தெரியும். அந்தப் பொருளால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்றைக் கலைஞர் செய்திருக்கிறாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சூயி, மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளைச் செப்புக் கம்பியால் பிணைத்துச் சுவரளவு திரைகள் செய்தார். உலோகமாக இருந்தும் அவை துணிபோல மடியும். மாட்டும் ஒவ்வொரு முறையும் வேறொரு மடிப்புக் கொள்ளும். மூடி என்ற பொருளுக்குள் கிடந்த ஒரு குணத்தை அவர் வெளியே எடுத்தார். தோட்டத்துப் பொருள்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

ரப்பர் இலையிலிருந்து தொடங்குவது பொருத்தம். பால்மரம் ஆண்டுக்கொரு முறை இலையுதிர்க்கும். அந்த வாரங்களில் பால் குறையும், வெட்டுக்காரர்களின் வரும்படியும் குறையும், நிரைகளுக்கிடையில் சருகு கணுக்கால் அளவு சேரும். அந்த இலையைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தால் பச்சைச் சதை அழுகிக் கரைந்துவிடும், நரம்புகள் மட்டும் கரையாமல் நிற்கும். மென்மையான தூரிகையால் அலசி, வெளுத்து, சாயமேற்றி, கம்பியில் சுற்றி மணமேடைப் பூக்களும் செண்டுகளும் செய்கிறார்கள். மலேசியாவிலும் தாய்லாந்திலும் பரவலாக நடக்கும் கைவினை இது. நல்ல வேலையை அடையாளம் காண இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். நடுநரம்பிலிருந்து கிளை நரம்புகள் ஒரே சீராகப் பிரிந்து, அவற்றுக்கிடையே மயிரிழைக் கண்ணிகள் எங்கும் அறுபடாமல், ஓரம் கிழியாமல் இருக்கவேண்டும். இரண்டு இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரு வலைகளும் குறுக்கிட்டு, இரண்டிலும் தனித்தனியே இல்லாத ஓர் அலைக்கோலம் தோன்றும். கைதேர்ந்தவர்கள் இதற்காகவே இதழ்களை அடுக்குகிறார்கள். தடித்த வண்ணமும் மினுக்குத்தூளும் பூசிய பூக்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. நரம்பை மறைத்துவிட்டால் அது காகிதப் பூவுக்கு மேல் ஒன்றுமில்லை.

மரத்தின் கதை இன்னும் பெரியது. பால்மரம் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்படும். நெடுங்காலம் வரை அது வெறும் விறகு. புகைவீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தவும், செங்கல் சூளைக்கும், புகையிலை பதப்படுத்தவும் எரிந்தது. பிறையில் இருந்த மலாயாவாத்தா எஃகு ஆலையின் உலைக்குக் கரியாகவும் போனது. தச்சர்கள் அதைத் தொடாததற்குக் காரணம் உண்டு. மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படரும், வண்டு துளைத்து மாவாக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்தினால் இந்த இரண்டு தொல்லையும் தீரும் என்பது ஆய்வால் உறுதிப்பட்டது. சிலாங்கூரின் கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்துக்கு இந்த வேலையில் முக்கியப் பங்குண்டு. 1980களில் ரப்பர் மரம் ஏற்றுமதித் தளவாடத்தின் மூலமரமாக உயர்ந்தது.

அந்தத் தளவாடத்தின் தோற்றத்தை வகுத்ததும் மரத்தின் குறைதான். பால்மரத்தில் நீண்ட, அகன்ற பலகை கிடைப்பதில்லை. ஆகவே சிறு சட்டங்களாக அறுத்து, நுனிகளை விரல்கோத்தாற்போல் இணைத்து, பக்கவாட்டில் பசையிட்டு ஒரே பலகையாக்குகிறார்கள். மேசையின் மேற்பரப்பைக் கிட்டத்தில் பார்த்தால் வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புச் சாயலுமாகத் துண்டுகள் அடுத்தடுத்து நிற்பது தெரியும். எந்தச் சாயத்தையும் சீராக ஏற்கும் மரம் என்பதால் வால்நட், செர்ரி என்று வேறு மரங்களின் வேடம் போட்டே பெரும்பாலும் கடைக்கு வருகிறது. இது வருத்தத்துக்குரியது. சாயமில்லாமல் வெறும் மெருகோடு விட்ட மேசைதான் இந்த மரத்துக்கு அழகு. அந்தப் பலகையில் வெட்டுக்காரரின் கைத்திறனும் இருக்கிறது. பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மேலேயே உளி நிற்கவேண்டும். உளி ஆழப் பதிந்த மரத்தில் காயம் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும். பளபளவென்று நேராக நிற்கும் அடிமரம் என்றால், விடியுமுன் நெற்றிவிளக்கோடு நிரை பிடித்த ஒருவர் பல ஆண்டுகள் கைபிசகாமல் வெட்டியிருக்கிறார் என்று பொருள்.

செம்பனை இந்த மண்ணுக்கு வந்ததே அழகுக்காக என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொக்கோனியே 1911, 1912 வாக்கில் சுமத்ராவிலிருந்து வந்த விதைகளைக் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அலங்கார மரமாக நட்டார். 1917இல், காப்பி சரிவராத நிலத்தில், தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. அலங்காரத்துக்கு நட்ட மரம் ஆலைக்குப் போய், இப்போது அதன் கழிவு வழியாக மீண்டும் அலங்காரத்துக்குத் திரும்புகிறது. ஓலையைச் சீவி எடுத்த ஈர்க்கில் கூடையும் தட்டும், சட்டிக்கு அடியில் வைக்கும் லெக்கார் என்ற வளையமும் பின்னுகிறார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. ஈர்க்கு நிமிரப் பார்க்கும் விசையே பின்னலை இறுக்கிப் பிடிக்கிறது.

எல்லாவற்றிலும் மலேசியத் தமிழருக்கு நெருக்கமானது அரிசிக் கோலம். மாவிலும் சுண்ணப்பொடியிலும் போட்ட கோலம் இங்கே சாயமிட்ட முழு அரிசிக்கு மாறியது. தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளின் நடுத்தளத்திலும், பள்ளி மண்டபத்திலும், அலுவலக வாசலிலும் இதைக் காணலாம். மாவு காற்றில் பறக்கும், ஆள் நடமாட்டத்தில் கலையும். அரிசிக்கு எடை உண்டு; போட்ட இடத்தில் கிடக்கும், நாள்கணக்கில் நிற்கும். ஆகவே வாசலளவில் இருந்த கோலம் மண்டபத்தளவுக்கு விரிந்தது. விடியலில் ஒருவர் தனியாகப் போட்டது, ஒரு குழு இரவெல்லாம் உட்கார்ந்து போடுவதாக ஆனது.

சாயமேற்றுவதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. வெள்ளைப் பச்சரிசிதான் வேண்டும்; புழுங்கலரிசியின் மஞ்சள் பழுப்பு எந்த வண்ணத்தையும் மங்கடிக்கும். சாயத்தை மிகக் கொஞ்சம் நீரில் கரைத்துப் பிசறவேண்டும். நீர் மிஞ்சினால் அரிசி ஊறி, உலரும்போது வெடித்துக் குருணையாகும். பிசறியதைத் தாளில் பரப்பி, கையால் கிளறிக் கிளறிக் காயவைக்கவேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் உருவை வரைந்து, கருப்பு அல்லது வெள்ளை அரிசியால் கோடு கட்டி, அட்டைத் துண்டின் விளிம்பால் கோட்டை நேர்செய்து, உள்ளே நிரப்புவார்கள். ஒற்றை அடுக்கில் தரை எட்டிப் பார்க்கும், மிகத் தடித்தால் கோடு சரியும். இரண்டுக்கும் நடுவிலான கனத்தை விரல்கள் தாமே அறிந்துகொள்கின்றன.

வண்ணச் சாயல்தான் இக்கலையின் உச்சம். பொடியைக் கலந்தால் புது நிறம் பிறக்கும், மணிகளைக் கலந்தால் பிறக்காது. நீல மணியும் பச்சை மணியும் தத்தம் நிறத்தோடே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கலப்பது பார்ப்பவர் கண்ணில். மயிலின் கழுத்தில் நீலம் மெல்ல மெல்லப் பச்சையாக வேண்டுமென்றால், பிடிக்குப் பிடி விகிதத்தை மாற்றிக்கொண்டே போகவேண்டும். பிரான்சின் ஜார்ஜ் ஸூரா 1880களில் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்துத் தேடிய விளைவு இதுதான். அரிசிக்கோலத்தில் இன்னொன்றும் சேர்கிறது: ஒவ்வொரு மணிக்கும் ஒரு பளபளப்பான முதுகும் ஒரு சிறு நிழலும் உண்டு. பார்ப்பவர் நகர்ந்தால் கழுத்தின் ஒளியும் நகரும். முகங்களையும் கட்டடங்களையும் அரிசியில் அச்சுப்படம்போல் போட்டுக் காட்டும் போட்டிக் கோலங்களில் இந்த அருமை பெரும்பாலும் வீணாகிறது. மயில், தாமரை, இறகு, தீச்சுடர் என்று நிறம் வழிந்து மாறும் உருவங்களிலேயே அரிசி தன் முழு வலிமையைக் காட்டுகிறது.

காவடி மற்றொரு பெரும் துறை. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. தோட்டங்களிலிருந்து லோரி பிடித்து வந்தவர்கள் எடுத்தது மரவளைவும் மயிற்பீலியும் கொண்ட எளிய காவடி. இப்போது அலுமினியச் சட்டம், இடுப்புப்பட்டை, தோள்மெத்தை, அவற்றின்மேல் கோபுரமும் மயிலும் தெய்வ உருவங்களும். இந்த உருவங்கள் நுரைப்பலகையில் செதுக்கியவை. தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்று சொல்லும் அதே பொருள். சூடேறிய கம்பியால் அறுத்து, கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தெளிப்பானில் வரும் பொன்வண்ணத்தை நேரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். முருகன் முகம் கண்ணெதிரே குழியும். அதனால் முதலில் நீரில் கரையும் வண்ணமோ தாள்கூழோ பூசி மூடவேண்டும். இந்தப் பலகையின் கன அளவில் நூற்றில் 98 பங்கு காற்று. ஆள் உயரக் கோபுரத்தைச் சுமந்து, ஆடிக்கொண்டே 272 படிகள் ஏறமுடிவது அதனால்தான். கல்லிலும் மரத்திலும் இது நடக்காது. நுரை மக்காது என்பது மட்டும் இக்கலையின் மேல் விழும் பழி. செம்பனை வெறுங்குலை நாரைக் கூழாக்கி அச்சில் வார்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது; காவடிக் கலைஞர்கள் அதை முயன்று பார்ப்பது தகும்.

இதே பொருள்கள் கலைக்கூடத்துக்குள்ளும் போயிருக்கின்றன. போர்ட் டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில், 2013 வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றவர். பழைய புத்தகங்களின் பக்கங்களை இலையாகவும் வேராகவும் கத்தரித்து, உயிருள்ள செடிகளில் ஒட்டி எடுத்த ஒளிப்படங்கள் அவருடைய 'காடு' வரிசை. மரத்திலிருந்து வந்த தாள் மரத்துக்கே திரும்புகிறது, எழுத்து இலைநரம்பாகிறது. 2007இல் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சிக்காக, ஒரு டாட்டா லோரியின் உட்பாகங்களைக் கரையான்புற்று மண், ஆற்றுக்களிமண், பழத்தோல், இலை, யானைச் சாணம் முதலியவற்றில் வார்த்தார். இரும்பு இயந்திரம் மண்ணாக உதிரக்கூடியதாக ஆனது. செம்பனை பற்றி மானிடவியலர் மைக்கேல் டௌசிக்குடன் சேர்ந்து அவர் செய்த நூல் 2017இல் வந்தது. தோட்ட மண்ணில் வாழ்ந்தவர்கள் அவர் படைப்புகளை விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

கோத்தா கினபாலுவைச் சேர்ந்த ரெட் ஹோங் யீ தூரிகை தொடாமல் வரைவதில் பெயர் பெற்றவர். எண்ணிக்கையால் மட்டும் மலைக்கவைக்கும் படைப்புகளும் அவரிடம் உண்டு. தே தாரே ஆற்றுபவரை 20,000 தேயிலைப் பைகளால் ஆக்கிய படம் அவற்றுக்கு மேலே நிற்கிறது. பைகளை வெவ்வேறு அளவு வெந்நீரில் ஊறவைத்துக் கிடைத்த பழுப்புச் சாயல்களே அதன் வண்ணங்கள். தேநீரின் படத்தைத் தேநீரே வரைந்திருக்கிறது.

கலைக்கூடத்தில் ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் கலைஞரின் பெயரும் ஆண்டும் பொருளும் எழுதிய சீட்டு இருக்கும். அரிசிக் கோலத்துக்கும் நுரைக் காவடிக்கும் நரம்பிலைப் பூவுக்கும் அது பெரும்பாலும் கிடையாது. பண்டிகை முடிந்ததும் கோலத்தைக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். போட்டவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், யாரிடம் கற்றார் என்ற விவரமும் அதோடு போய்விடுகிறது. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் பேரங்காடிகளும் ஒரு சிறு பலகையில் செய்தவர் பெயர், ஊர், நாள், அரிசியின் அளவு ஆகியவற்றை எழுதிக் கோலத்தின் ஓரத்தில் வைக்கவேண்டும்; ஒரு படமெடுத்து ஆண்டுவாரியாகச் சேர்த்தும் வைக்கவேண்டும். வரும் தீபாவளியிலேயே இதைத் தொடங்கலாம்.