சக்கரம் கெடுவது லேத்திலா, பவுண்டரியிலா?

பிரிட்டனில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பட்டறை வைத்துக்கொண்டு, நிலக்கரி போட்டு ஓட்டும் குட்டி நீராவி எஞ்சின்களைத் தங்கள் கையாலேயே செய்கிறவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். இவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மைகள் அல்ல. 5 அங்குல இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின், உண்மை எஞ்சினில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கொதிகலனில் அழுத்தம் ஏறியதும், பின்னால் தள்ளுவண்டிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அந்தச் சுமை முழுவதும் கடைசியில் போய் இறங்குவது சக்கரங்களில்.

இந்தச் சக்கரங்களை யாரும் பெரும்பாலும் முழுதாகச் செய்வதில்லை. கடைசல் பார்க்காத வார்ப்பாக வாங்கி, வீட்டு லேத்தில் கடைந்து முடிக்கிறார்கள். பெர்சிவல் மார்ஷல் 1898இல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழும், ஏறத்தாழ அதே சமயத்தில் நார்த்தாம்ப்டனில் எழுந்த பாசெட்-லோக் நிறுவனத்தின் விலைப்பட்டியல்களும் இந்தப் பழக்கத்தை ஊன்றியவை. அதன் கடைசல் முறை நன்றாகத் தேர்ந்தது, இன்றும் மாற்றத் தேவையற்றது. வார்ப்பை வாங்கும் முறை அப்படியல்ல. எதைப் பார்த்து வாங்குவது, யாரிடம் எதைக் கேட்பது என்பதில் இந்தத் துறை காட்டும் மெத்தனம் வியப்பூட்டுகிறது. கடைசல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், வார்ப்பு பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார்கள். கெடும் சக்கரங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் கெடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் வார்ப்பு ஏன் என்று பார்க்கலாம். நீராவி எஞ்சினின் ஓட்டுச் சக்கரம் எளிய வட்டு அல்ல. நடுவில் குடம், அதிலிருந்து மெலிந்துகொண்டே போகும் ஆரக்கால்கள், ஒரு பக்கம் கிராங்க் பின் பொருந்தும் தடித்த மேடு, எதிர்ப்பக்கம் எடைச் சமன் கட்டி, சுற்றிலும் வட்டை. இதைத் திட இரும்பிலிருந்து செதுக்கினால் வாங்கிய உலோகத்தில் கணிசமான பகுதி தூளாகப் போகும். ஆரக்கால்களின் உருண்ட விளிம்பை மில்லிங்கில் கொண்டுவருவதும் நாள்பிடிக்கும் வேலை. மணல் மோல்டில் ஒரே ஊற்றில் அத்தனையும் வந்துவிடுகிறது.

சாம்பல் வார்ப்பிரும்பு என்ற உலோகத் தேர்வும் சரியானது. அதற்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடப்பதால் எண்ணெய் இல்லாமலே கடையலாம். சுருள் வராது, கரும்பொடியாக உதிரும். தேய்மானத்தைத் தாங்கும். எடையும் இருக்கிறது, எஞ்சின் தண்டவாளத்தைப் பற்றி இழுக்க அந்த எடை உதவும். கோயம்புத்தூரில் பம்ப் உடல் வார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய உலோகம்தான் இது. அதன் நல்ல குணங்களைப் போலவே அதன் கோபங்களும் அவர்களுக்குத் தெரியும்.

பணத்தையும் சொல்ல வேண்டும். மணலில் மோல்டைப் பதிக்கும் மாதிரியான பேட்டர்னை ஒருவர் செய்தால் நூற்றுக்கணக்கானவர்கள் அதிலிருந்து சக்கரம் பெறலாம். 1920களிலிருந்து எல்.பி.எஸ்.சி என்ற பெயரில் எழுதி, 1967இல் மறைந்த கர்லி லாரன்ஸின் வாசகர்களில் பலர் பெரிய வசதி இல்லாதவர்கள். அவர் வரைபடம் கொடுத்தார், வணிகர்கள் வார்ப்பு கொடுத்தார்கள், மிச்சத்தை வாசகர் தன் சின்ன லேத்தில் முடித்தார். பேட்டர்ன் செய்யவும் இரும்பு உருக்கவும் தெரியாத ஒருவர் ஓடும் எஞ்சினைப் படைக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

இனி கடைசல். முதலில் சக்கரத்தின் முதுகுப் பக்கத்தை மட்டம் செய்து, பிடியைத் தளர்த்தாமலே குடத்தில் துளையிட்டு ரீமர் ஓட்டுவார்கள். இரண்டும் ஒரே பிடியில் நடந்தால் துளை முதுகுக்குச் செங்குத்தாக நிற்கும். அது தவறினால் ஆக்ஸிலில் ஏற்றியபின் சக்கரம் தள்ளாடும். பிறகு எந்த வேலையும் அதைச் சரிசெய்யாது. அடுத்து, ஃபேஸ்பிளேட்டில் ஒரு முளையைக் கடைந்து, சக்கரத்தின் துளை அதில் இறுக்கமாக உட்காரும்படி செய்து, ஒவ்வொரு சக்கரமாக மாட்டி ஓடுபரப்பையும், சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காக்கும் விளிம்பான ஃபிளாஞ்சையும் கடைவார்கள். முடிவு வெட்டுக்கு உளியின் இடத்தை மாற்றுவதே இல்லை. எல்லாச் சக்கரமும் அதே உளி நிலையில் வரிசையாக முடியும். எல்.பி.எஸ்.சி தன் வாசகர்களிடையே பரப்பிய இந்த முறையின் அழகு என்னவென்றால், விட்டத்தை அளக்கும் திறமை குறைவாக இருந்தாலும் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சமமாக வந்துவிடும்.

சமம் என்பதுதான் இங்கே எல்லாம். இணைப்புத் தண்டுகள் எல்லா ஓட்டுச் சக்கரங்களையும் ஒரே சுற்றில் கட்டிவைக்கின்றன. இரண்டு சக்கர விட்டங்களுக்குள் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சுற்றளவு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் மாறுபடும். அந்த மாறுபாட்டை ஏதோ ஒரு சக்கரம் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். வழுக்கல் தேய்மானமாகும், தண்டுகளின் புஷ்கள் அடிவாங்கும். விட்டம் வரைபடத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக இருப்பது பெரிய குறை அல்ல. ஒன்றுக்கொன்று மாறுவதுதான் குறை.

கிராங்க் கோணத்துக்கும் இதே நியாயம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் வலப்பக்கக் கிராங்கும் இடப்பக்கக் கிராங்கும் 90 பாகை விலகி நிற்க வேண்டும். 90 என்பது மிகத் துல்லியமாக இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். ஆனால் எல்லா ஆக்ஸில்களிலும் அதே கோணம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தண்டு இறுகிப் பிடிக்கும். அதனால்தான் இடம் பிசகாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக்குகளை, துளையிட ஒன்று, ஆக்ஸிலில் பொருத்த இன்னொன்று என்று செய்துகொள்கிறார்கள்.

பொருத்தும் முறையில் பின்னாளில் வந்த மாற்றம் நல்லது. முன்பு ஆக்ஸிலைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து அழுத்தி ஏற்றுவார்கள். வார்ப்பிரும்புக்கு இழுவிசை தாங்கும் குணம் குறைவு. அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குடம் விரிசல் விடும். லோக்டைட் போன்ற பிடிபசைகள் வந்தபின், ஆக்ஸில் துளைக்குள் லேசாக வழுக்கிப் போகும் அளவுக்குக் கடைந்தால் போதும். பசை இறுகுவதற்குள் ஜிக்கில் கோணத்தைத் திருத்தலாம். பிற்பாடு கழற்ற வேண்டுமானால் நன்றாகச் சூடேற்றிக் கழற்றலாம். பழைய முறையே உயர்ந்தது என்று இன்னும் வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இயந்திரத்தின் எல்லையும் ஒன்று உண்டு. நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்யப்பட்ட மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் 1946இல் வந்தது. பிரிட்டிஷ் பட்டறைகளில் பரவலாக நின்றது. அதன் படுக்கைக்கு மேல் சுழலும் அளவு 7 அங்குலம். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினின் ஓட்டுச் சக்கரம் 6 அடி 8 அங்குலம். அதை 5 அங்குலத் தண்டவாளத்துக்குச் சுருக்கினால் ஓடுபரப்பே 7 அங்குலத்தைத் தாண்டும், மேலே ஃபிளாஞ்ச் வேறு. படுக்கையில் தலைப்பக்கம் விட்டிருக்கும் இடைவெளிதான் அந்தச் சக்கரத்துக்கு இடம் கொடுத்தது. 160 மில்லிமீட்டர் சக்கரத்தை ஹை ஸ்பீடு ஸ்டீல் உளியால் கடைய நிமிடத்துக்கு நாற்பது சுற்று போதும். அவ்வளவு மெதுவாகச் சுழற்ற பேக் கியர் தேவை. அவசரப்படுகிறவர்களுக்கு உளி அதிர்ந்து ஓடுபரப்பில் வரிவரியாகத் தழும்பு விழும்.

கடைசல் பக்கம் இவ்வளவு தெளிவு. இதே தெளிவு கொள்முதலில் இல்லை.

முதல் சிக்கல் குளிர்ச்சிக் கடினம். ஃபிளாஞ்ச் மெல்லியது, ஈர மணலைத் தொட்டதும் அங்கே இரும்பு மற்ற இடத்தைவிட வேகமாகக் குளிரும். கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் சிமெண்டைட்டாக உறைந்துவிடும். அந்த இடம் கண்ணாடிபோல் கெட்டி. ஹை ஸ்பீடு ஸ்டீல் உளி அதைத் தொட்டதும் முனை மழுங்கும். கார்பைடு வைத்துத் தாண்டிவிடலாம் என்பது வழக்கமான அறிவுரை, தாண்டலாம்தான். ஆனால் ஒரே சுற்றில் பாதி மென்மை, பாதி கெட்டி என்று வந்தால் உளி ஒதுங்கி ஒதுங்கி வெட்டும், வட்டம் வட்டமாக இராது. அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வீட்டு வைத்தியம் இருந்தது: இரவில் கணப்பு நெருப்பில் வார்ப்பைப் புதைத்துச் சிவக்க வைத்து, சாம்பலோடு காலைவரை ஆறவிடுவார்கள். பலனும் இருந்தது. ஆனால் அது வாங்கியவர் செய்ய வேண்டிய வேலையா? சிலிக்கான் அளவைச் சரிபார்ப்பதும், மோல்டை அவசரமாகப் பிரிக்காமல் ஆறவிடுவதும், தேவையானால் சூளையில் 850 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி மெதுவாக ஆற்றிக் கொடுப்பதும் ஊற்றுகிறவரின் கடமை. காசு கொடுத்து வாங்கியவர் அதைக் கேட்கத் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, மோல்டின் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் நகர்ந்திருப்பது. அப்போது ஆரக்காலின் முன்பாதியும் பின்பாதியும் பொருந்தாது. குடம் வட்டைக்கு நடுவில் இராது. இதில் கடைசல்காரர் ஓரளவு காப்பாற்றலாம். வெளிப்பரப்பை வைத்து மையம் பார்க்காமல் வட்டையின் உள்விளிம்பை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்பரப்பு எப்படியும் கடைந்து போகப்போகிறது. உள்விளிம்பு கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். சக்கரம் ஓடும்போது தள்ளாடுவதுபோல் தோன்றுவது பெரும்பாலும் உள்விளிம்பு விலகியதால்தான்.

மூன்றாவது, உருவ நேர்மை. விற்பவருக்குப் பொதுச் சக்கரம் வசதி. ஒரே விட்டத்தைப் பல எஞ்சின்களுக்குத் தள்ளிவிடலாம். ஆனால் ஆரக்கால்களின் எண்ணிக்கையும், கிராங்க் பின் ஆரக்காலின் நேரே நிற்கிறதா இரு ஆரக்கால்களுக்கு நடுவே நிற்கிறதா என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சதர்ன் ரயில்வேக்காக புல்லீட் வடிவமைத்து 1941இல் வந்த 'மெர்ச்சன்ட் நேவி' எஞ்சின்களில் ஆரக்காலே கிடையாது, குழிகள் கொண்ட வட்டுச் சக்கரங்கள். இத்தகைய எஞ்சினைச் செய்கிறவர் சக்கரத்தில் சமரசம் செய்தால், கொதிகலனில் காட்டிய உழைப்பு முழுவதும் மங்கிப்போகும்.

நான்காவதைத்தான் மிகப் பெரிய குறையாக நினைக்கிறேன். பேட்டர்ன் ஒரு வணிகரின் அலமாரியில் இருக்கிறது. அவர் கடையை மூடினால் அந்தப் பேட்டர்னை நம்பிய வரைபடங்களும் பாதி செத்துவிடுகின்றன. மார்ட்டின் இவான்ஸ், டான் யங் போன்ற குட்டி எஞ்சின் வடிவமைப்பாளர்களின் வரைபடங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வார்ப்பு கிடைக்காத நாளில் அவை காகிதம்தான். மரப் பேட்டர்ன் தொலைந்ததும் சிலர் பழைய வார்ப்பு ஒன்றையே பேட்டர்னாக வைத்து ஊற்றுகிறார்கள். வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். ஸ்டேனியர் வடிவமைத்த 'பிளாக் ஃபைவ்' எஞ்சினின் 6 அடிச் சக்கரம் 5 அங்குலத் தண்டவாள அளவில் 162 மில்லிமீட்டர். வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுத்தால் விட்டத்தில் 1.6 மில்லிமீட்டர் போய்விடும். கடைசலுக்கு விட்ட கூடுதல் உலோகத்தில் பெரும்பங்கு அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு ஓடுபரப்பில் மணல்தோல் அங்கங்கே மிஞ்சும். வாங்கியவர் தன் கைத்திறனைச் சந்தேகிப்பார்.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். எஃகுக் கம்பியில் வெட்டிக் கடைவது சரக்கு வண்டிகளின் வட்டுச் சக்கரங்களுக்கு முழுக்கப் பொருந்தும். ஆரக்கால் சக்கரத்துக்கு அல்ல. கணினி இயக்கும் மில்லிங்கில் ஆரக்கால் வெட்டினால் அளவு பிசகாது, ஆனால் செலவு கடுமை. வார்ப்புச் சக்கரத்தின் வட்டைமேல் எஃகு டயரைச் சூடேற்றி ஏற்றுவது உண்மை எஞ்சினின் வழி. டயர் தேய்ந்தால் மாற்றலாம், ஃபிளாஞ்சில் குளிர்ச்சிக் கடினம் என்ற பேச்சே எழாது. வாரந்தோறும் ஆள் இழுக்கும் எஞ்சினுக்கு இந்தக் கூடுதல் வேலை தகும். எப்போதாவது ஓடும் எஞ்சினுக்கு வெறும் வார்ப்பிரும்பே நீண்ட நாள் வரும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது முப்பரிமாண அச்சில் எடுத்த பேட்டர்ன். சுருக்கத்துக்கான ஒரு சதவீதம், மோல்டிலிருந்து வழுக்கி வெளிவரச் சாய்வு, கடைசலுக்கு 3 மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் கோப்பிலேயே எழுதிவிடலாம். பேட்டர்ன் உடைந்தால் இன்னொன்று அச்சிடலாம். ஆரக்கால் எண்ணிக்கை தவறா, அடுத்த ஊற்றுக்குள் திருத்தலாம். மணலும் இரும்பும் லேத்தும் பழையபடியே இருக்கும். பேட்டர்ன் மட்டும் ஒரு கடையின் சொத்தாக இராமல் செய்கிறவர்களின் பொதுச் சொத்தாகும்.

நம் ஊரில் இந்தக் கலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கர வார்ப்பைக் கடல் தாண்டி வரவழைக்காதீர்கள். பேட்டர்னை எடுத்துக்கொண்டு சிறு வார்ப்புகள் ஊற்றும் பவுண்டரிக்குப் போங்கள். என்ன இரும்பு, ஆற்றிக் கொடுப்பீர்களா, பெட்டி நகர்ந்தால் திரும்ப ஊற்றித் தருவீர்களா என்று மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். தேவைக்கு ஒரு சக்கரம் கூடுதலாக ஊற்றச் சொல்லி, அதை முதலில் கடைந்து பாருங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் பேட்டர்னின் கோப்பை, கண்ட குறைகளையும் எழுதிச் சேர்த்து, அடுத்துச் செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.