மஞ்சள் ஓடு

எண்ணூர் விரைவுச் சாலையோர டீக்கடையில் ஷிஃப்ட் முடியும் நேரம் போய் உட்கார்ந்தால், பெஞ்சில் ஆளுக்குப் பக்கத்தில் ஒரு ஹெல்மெட்டும் உட்கார்ந்திருக்கும். பைக் ஹெல்மெட் அல்ல. துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் மாட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் ஹெல்மெட். விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று கொப்பரை மாதிரி ஒரு சத்தம். வெளியே கீறலும் கிரீஸ் கறையும், வெயில் தின்ற மஞ்சளும். அழகெல்லாம் உள்ளேதான். கவிழ்த்துப் பாருங்கள்: நாடாக்களால் ஒரு தொட்டில், நெற்றியைச் சுற்றும் பட்டை, அதில் வியர்வை காய்ந்து வரைந்த உப்புக் கோடுகள். பின்னால் ஒரு திருகு. 'கிரிக் கிரிக்' என்று நாலு சத்தம், தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மேலிருந்து விழும் போல்ட்டின் அடியை ஓட்டோடு சேர்ந்து அந்த நாடாவும் வெற்றிடமும் வாங்கிக்கொள்கின்றன.

போர்க்களத் தொப்பிக்கும் இதே கதைதான். முதல் உலகப் போரில், 1914இல், ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது ஜெர்மன் சிப்பாய் தலையில் இருந்தது தோல் தொப்பிதான். அவர்கள் பதுங்குகுழிக்கு எஃகுத் தொப்பி வந்தது 1916இல். அதற்குள்ளும் மூன்று தோல் மெத்தைகள். எனக்கு எஃகைவிட அந்த மெத்தைகள்மேல்தான் மரியாதை. டீக்கடை பெஞ்சு நம்மாட்கள் தங்கள் பங்குக்கு மடித்த ஈரத் துண்டு ஒன்றையும் ஹெல்மெட்டுக்குள் செருகுகிறார்கள். விதிப்படி கூடாது. ஆனால் சித்திரை வெயில் விதி படிப்பதில்லையே! டீயை முடித்த பெரியவர் ஹெல்மெட்டை மல்லாத்தி, டிபன் டப்பாவை அதற்குள் வைத்து, தாடைப் பட்டையைக் கைப்பிடியாக்கித் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் பஸ் ஏறினார்.