தலைக்கவசச் சோதனை எதை அளக்கிறது?

ஒரு கிண்ணத்தில் நீரை நிரப்பி, அதில் ஒரு துரும்பை மிதக்க விடுங்கள். கிண்ணத்தைச் சட்டென்று கால் வட்டம் திருப்புங்கள். கிண்ணம் திரும்பிவிடும், துரும்போ முன்பு நோக்கிய திசையையே நோக்கி நிற்கும். கிண்ணத்தை மண்டையோடு என்றும் நீரை மூளை என்றும் கொள்ளுங்கள். தலைக்கவசச் சோதனைகள் நெடுங்காலம் காணத் தவறியது இந்தத் திருப்பத்தைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். 1935இல் டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். கவசம் உயிரைக் காக்கிறது என்பதை 1941இல் அவர் கட்டுரையாக எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

கவசம் காப்பது எப்படி? விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் வரும் தலை 2 மில்லிமீட்டர் தொலைவில் நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு. கவசத்தின் உட்புற நுரைப்பொருள் 2 சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால், அது 143 மடங்காகக் குறைந்துவிடும். அழகான இயற்பியல்! ஆனால் இது நேர்கோட்டு இயக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு.

கெய்ர்ன்ஸ் பணியாற்றிய அதே ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலர் 1943இல் வேறொன்றைச் சொன்னார். மூளையை அமுக்கிச் சுருக்குவது கடினம். அதன் வடிவத்தைக் குலைப்பதோ மிக எளிது. ஆகவே நேராகத் தள்ளுவதைவிடச் சுழற்றுவதே அதற்குக் கேடு. சீட்டுக் கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதுபோல், மூளையின் அடுக்குகள் நழுவி நரம்பிழைகள் இழுபடும். மெழுகு மண்டையோட்டில் ஜெலட்டினை நிரப்பிச் சுழற்றி அவர் இதைக் காட்டினார். ஜெலட்டின் மூளையாகிவிடாது, உண்மைதான். ஆனால் 1982இல் ஜென்னரெல்லி குழுவினர், தலை எதிலும் மோதாமல் வேகமாகச் சுழன்றாலே குரங்குகளின் நரம்பிழைகள் சிதைந்து நீண்ட மயக்கம் உண்டாவதைக் கண்டனர்.

தரவிதிகளோ வேறு வழியில் சென்றன. டெட்ராயிட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சடலங்களின் மண்டையோடு எப்போது விரிசல் விடுகிறது என்று அளந்தார்கள். அந்த நேர்கோட்டு முடுக்க வரைகோடே அடுத்து வந்த அளவுகோல்களுக்கு அடிப்படையாயிற்று. எலும்பு முறிவை அளப்பது எளிது. அதற்காக மூளைக்கும் அதுவே எல்லை என்று கொள்ளலாமா?

அமெரிக்காவில் 1974 முதல் நடப்பிலுள்ள 218ஆம் தரவிதியைப் பாருங்கள். போலித் தலை ஒரு தண்டவாளத்தில் பிணைக்கப்பட்டு நேராக விழுகிறது. அது சுழலவே முடியாது! சாலையில் விழுபவர் பெரும்பாலும் சாய்வாகவே தரையில் மோதுகிறார். சாய்தளச் சோதனை ஐரோப்பாவில் முன்பே உண்டு. ஆனால் அதில் கவசப் பரப்பின் உராய்வைத்தான் பார்த்தார்கள், தலையின் சுழற்சியை அல்ல.

இக்குறை ஓரளவு நீங்க 78 ஆண்டுகள் பிடித்தன. 2021இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் 22ஆம் விதியின் ஆறாம் திருத்தத் தொடர், கவசத்தை 45 பாகைச் சாய்தளத்தில் மோதவிட்டுத் தலையின் சுழற்சியையும் அளக்கச் சொல்கிறது. கோண முடுக்கத்துக்கு அது வைத்துள்ள உச்சவரம்பு, விநாடியின் வர்க்கத்துக்கு 10,400 ரேடியன். இதுவும் தாராளமான வரம்பு என்பதே நம் கருத்து. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மூளை அதிர்ச்சிக்குள்ளான ஆட்டக்காரர்களின் மோதல்களை ஆய்வுக்கூடத்தில் மறுபடி நிகழ்த்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி ஏறத்தாழ 6,400 ரேடியன்தான். உயிர் போகாதிருக்க ஒரு வரம்பும், நினைவு கலங்காதிருக்க வேறொரு வரம்பும் வேண்டியிருக்கலாம். கடையில் கவசத்தின் மேல் ஒட்டியுள்ள முத்திரையோ, தேறியது என்ற ஒரே செய்தியைத்தான் நமக்குச் சொல்கிறது.