சாரி, சக்திமான்!

தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்களுக்குச் சக்திமான் இருந்தார்!

அந்தத் தொடர் 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கியது. முதலில் சனிக்கிழமை காலை, பிறகு ஞாயிற்றுக்கிழமை. மகாபாரதத்தில் பீஷ்மராக நின்று பெரியவர்களைக் கண்கலங்க வைத்த முகேஷ் கன்னாதான் சக்திமான். அவரேதான் தூக்கலான பல்லும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக அசட்டுச் சிரிப்பு சிரிக்கும் பத்திரிகைப் போட்டோகிராபர் கங்காதரும்! இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தும், அவர் ஒரு கையை உயர்த்திப் பம்பரமாகச் சுழல ஆரம்பித்ததும் வயிற்றுக்குள் ஏதோ பண்ணும். இவருக்குச் சக்தி வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை, சிலந்தி கடித்தும் வரவில்லை. தவம், யோகம், ஐம்பூதங்கள், உடம்பின் ஏழு சக்கரங்கள்! சேலையூரில் எங்கள் தெருப் பையன்கள் மொட்டைமாடியில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

எல்லாம் இந்தியில். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் தாம்பரத்தில் விமானப்படைக் குடியிருப்பு இருந்தது, ரயில்வே குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து வரும் இந்தி தெரிந்த பையனுக்குத் தொடர் வரும் அன்று மட்டும் தனி மரியாதை. முன்வரிசையில் உட்காரவைத்து முறுக்கு கொடுப்போம். "இப்ப வில்லன் கில்விஷ் என்னடா சொல்றான்?" "உலகமே இருட்டாகணுமாம்." அவ்வளவு போதும். அதுவரை பிராத்மிக் இந்தி வகுப்புக்குப் போகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள், சக்திமானுக்காகவே இந்தி மிஸ் வீட்டுக்கு நோட்டோடு ஓடினார்கள்.

கேபிள் வராத வீடுகளில் ஆன்டெனாதான். சேப்பாக்கம் பக்கத்து தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்து அதைத் திருப்பி வைத்திருப்போம். மீனம்பாக்கத்துக்கு விமானம் ஒன்று இறங்க வந்தால் படம் மேலும் கீழுமாகத் துடிக்கும். வில்லன் விஞ்ஞானி டாக்டர் ஜாக்காலின் முகம் இரண்டாகத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். விமானம் போனதும் படம் பளிச்சென்று நிற்கும், எல்லாரும் கைதட்டுவோம்.

தொடர் மாறிக்கொண்டே வந்தது. நிருபர் கீதா விஷ்வாஸாக முதலில் வந்தவர் கிட்டு கிட்வானி. பிறகு வைஷ்ணவி மகந்த் வந்து எங்கள் மனதில் நிலையாக உட்கார்ந்துவிட்டார். ஆனால் நான் கொண்டாடும் மாற்றம் வேறு. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி ஆபத்தான காரியங்களில் இறங்கிய பிள்ளைகள் அடிபட்டதாகச் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னா ஓடி ஒளியவில்லை. திரையில் நேருக்கு நேர் எங்களைப் பார்த்து, நான் செய்வதை நீங்கள் செய்யக் கூடாது என்றார். இப்படிப் பிள்ளைகளை மதித்துப் பேசிய நாயகனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

கதை முடிந்ததும் வரும் அந்தக் குட்டிப் பகுதிதான் எனக்கு உயிர். ஒரு பிள்ளை குப்பையைத் தெருவில் போடும், பல் துலக்காமல் ஏமாற்றும். சக்திமான் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். பக்கத்தில் வந்து எடுத்துச் சொல்வார். பிள்ளை தலையைக் குனிந்து "சாரி சக்திமான்" என்னும். கேம்ப் ரோட்டில் எவனாவது மிட்டாய்க் காகிதத்தைக் கீழே போட்டால், கூட வரும் அத்தனை பேரும் நின்று "சொல்லுடா, சொல்லுடா" என்போம். அவன் காகிதத்தைப் பொறுக்கி, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். ஒரு தெருவையே திருத்திய தொடர் இது, சும்மாவா!

2005இல் நின்றது. 2011இல் கார்ட்டூனாக வந்தது. நன்றாகவே வரைந்திருந்தார்கள், ஆனால் எங்கள் கங்காதரின் பல்லும் இழுவைப் பேச்சும் வரைந்து வருகிற சமாச்சாரமா? 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய தொடரையே மறுபடி போட்டபோது அக்கா மகளை இழுத்துவைத்துப் பார்க்கவைத்தேன். பறக்கும் காட்சிகளில் அவளுக்கு அசுவாரசியம். கங்காதர் வாயைத் திறந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இந்த அங்கிள் திரும்ப எப்ப வருவாரு?" என்று கேட்டாளே, எனக்கு அது போதும்!

பெரிய திரைக்குச் சக்திமானைக் கொண்டுவரப்போவதாக 2022இல் சோனி பிக்சர்ஸ் அறிவித்தது. யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும், எத்தனை கோடி வேண்டுமானாலும் போடட்டும். படம் முடிந்த பிறகு இரண்டே நிமிடம் ஒதுக்கி, ஒரு பிள்ளையை "சாரி சக்திமான்" சொல்ல வையுங்கள். முதல் காட்சிக்கு முதல் டிக்கெட் என்னுடையது.