கிராஸ் மாற்றும் கை

நான்கு சக்கரமும் இழுக்கும் லாரியின் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன், நல்ல மெக்கானிக் சென்டர் பஞ்சால் இணைப்புகளில் நேருக்கு நேர் புள்ளி வைப்பார். எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான். ஷாஃப்டின் ஒரு முனையில் சாய்ந்து சுழலும் கிராஸ் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். மறுமுனை ஜாயின்ட் அதைச் சரிக்கட்டும். நடுவே நழுவும் ஸ்பிளைனில் ஒரு பல் மாறிப் பூட்டினாலும் அந்த இசைவு கெட்டு, வண்டி அதிரும். அதைத் தடுக்கத்தான் அந்தப் புள்ளிகள்.

சர்க்கிளிப்பை எடுத்து, வைஸில் அழுத்தி, கிராஸின் தேய்ந்த பேரிங் கப்பைத் தள்ளுவது பழக்கத்தில் வந்துவிடும். புதுக் கப்பைப் பூட்டுவதில்தான் பொறுமை தெரியும். கிரீஸில் வட்டமாக நிற்கும் ஊசி பேரிங்குகளில் ஒன்று சரிந்தாலும் கப் முழுதாக இறங்காது. பூட்டியபின் ஜாயின்ட்டைக் கையால் மடக்கிப் பார்ப்பார். இறுக்கிப் பிடித்தால், கப்பைத் தாங்கும் யோக்கின் காதில் சுத்தியலால் அளவாக இரண்டு தட்டு.